எமக்கொரு தொலைக்காட்சி: 1979இன் கதை

ஒவ்வொரு நெருக்கடியின் போதும் "எமக்கென்று ஒரு தொலைக்காட்சி வேண்டும்" என்ற கோரிக்கை எமது சமூகத்தில் எழுகிறது. 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின்னர் கேட்டோம். 2020இல் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட போதும் கேட்டோம். நிலைமை அடங்கியதும் மறந்து விட்டோம். பணமில்லை என்பதே வழமையான காரணம். ஆனால், பணத்துக்கு முன்னால் சட்டம் குறுக்கே நிற்கிறது.

இந்நாட்டின் முதலாவது தொலைக்காட்சியே ஒரு சிறிய உள்ளூர் நிலையம்தான். தனியார் சிலரின் முயற்சியால் 1979 ஏப்ரல் 13ஆம் திகதி பன்னிப்பிட்டியில், மஹல்வராவ தோட்டத்திலிருந்து சுயாதீன தொலைக்காட்சி தனது ஒளிபரப்பைத் தொடங்கியது. கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டி அது எட்டவில்லை. அதே ஆண்டு ஜூன் 5ஆம் திகதி அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. இரண்டு மாதங்கள்கூட நிறைவடையவில்லை! 'சுயாதீன' என்ற சொல் மட்டும் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாணவர்கள் அதற்குப் பொருள் கேட்டால் நான் சற்றுத் தடுமாறுவதுண்டு.

பின்னர் வந்தது 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டம். தனியார் நிலையங்களுக்கான அனுமதி அமைச்சரின் கையில் வைக்கப்பட்டது. சமூகத் தொலைக்காட்சி என்றொரு வகையே அதில் இல்லை. தொண்ணூறுகளில் அக்கதவு திறந்தபோது பெருமுதலாளிகளே உள்ளே நுழைந்தார்கள். 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலியும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழேயே இயங்கியது. அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்பதை உயர் நீதிமன்றம் 1997இல் வலியுறுத்தியது. அது ஓர் ஊர் மக்களுக்கு அலைவரிசையாகக் கைக்கு வந்து சேரவில்லை.

யூடியூப் இருக்கிறதே என்பார்கள். அங்கு நாம் பேசுவதை நாமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஜனாஸா விடயத்தில் எமது வேதனை கேட்டிருக்க வேண்டியது அடுத்த வீட்டுச் சிங்களச் சகோதரருக்கு. 'முஸ்லிம் சேனல்' ஒன்று வந்தாலும் அவர் அதைப் பார்ப்பாரா என்பது சந்தேகமே. மாவனெல்லையிலோ புத்தளத்திலோ சந்தை விலை, வெள்ள எச்சரிக்கை, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று இரு மொழிகளிலும் பேசும் ஊர் நிலையம் ஒன்றென்றால் பார்ப்பார். அதில் எமது மரணச் செய்தியும் ஊர்ச் செய்தியாகவே அவரைச் சென்றடையும்.

ஒளிபரப்புச் சட்டத்தைத் திருத்துவது பற்றி அடுத்த முறை பேச்செழும்போது, சமூக ஒளிபரப்புக்குத் தனி உரிமமும் அமைச்சருக்குக் கட்டுப்படாத ஓர் ஆணைக்குழுவும் வேண்டுமென எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்பார்களா?