பதினைந்து நாள் யாருக்கு?

அட்வான்ஸ் என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு மவுசு உண்டு. சினிமாக்காரர் அட்வான்ஸ் கொடுத்தார் என்றால் எழுத்தாளன் வீட்டில் அன்றைக்குப் பாயசம். கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது என்றால் பெண்ணைப் பெற்றவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியரிடம் போய், "உங்கள் பெயரில் அட்வான்ஸ் பாஸ் ஆகிவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் கறுத்துவிடும். அந்தப் பணத்தில் அவர் வீட்டுக்கு ஒரு கிலோ கத்தரிக்காய்கூட வாங்க முடியாது. கருத்தரங்கு நடத்த, விருந்தாளியை வரவேற்க, மாணவர்களைக் களப்பணிக்கு அழைத்துப் போக, தேர்வு மையத்தில் தண்ணீர் வைக்க, பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய செலவு அது. செலவு பல்கலைக்கழகத்துடையது, கடன்காரர் மட்டும் அவர்.

இதைப் பற்றி எழுத உமக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். நான் கதை எழுதுகிறவன். கணக்கு எழுதுகிறவன் அல்ல. ஆனால் இந்த அநியாயத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த யோக்கியதையில்தான் எழுதுகிறேன்.

2014-இல் ஒரு பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையில் நாவலைப் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு. பெயர் வேண்டாம், எந்தப் பல்கலைக்கழகமானாலும் கதை ஏறக்குறைய இதுதான். என்னைத் தொடக்கவுரைக்கு அழைத்திருந்தார்கள். இரவுப் பஸ்ஸில் போய் விடியற்காலை ஐந்து மணிக்கு இறங்கினேன். பொறுப்பாசிரியர் ஆட்டோவோடு காத்திருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். என் பையை அவரே வாங்கிக்கொண்டார், காப்பி வாங்கிக் கொடுத்தார், "ராத்திரி தூங்கினீர்களா சார்?" என்று விசாரித்தார். அவர் பெயரில் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்த விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அது என்னவென்று புரிந்திருக்காது.

மறுநாள் புறப்படும்போது ஒரு கவரை நீட்டினார். மூவாயிரம் ரூபாய் மதிப்பூதியமும் வழிச்செலவும் இருந்தன. கூடவே ஒரு காகிதம். "இதிலே ஒரு கையெழுத்து சார். பஸ் டிக்கெட் இருந்தால் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றார். பஸ் டிக்கெட்டை நான் இறங்கிய இடத்திலேயே கசக்கி எறிந்திருந்தேன். கையெழுத்தை நின்ற வாக்கில், யாரோ ஒரு மாணவரோடு பேசிக்கொண்டே, எங்கேயோ கிறுக்கினேன். அதற்குப் பிறகு அவர் இரண்டு முறை போன் செய்தார். ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்பு இல்லை என்கிறார்களாம். டிக்கெட் இல்லாமல் வழிச்செலவை ஒப்புக்கொள்ள மாட்டார்களாம். இரண்டாவது முறை நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். "எழுத்தாளனைக் கூப்பிட்டுக் குமாஸ்தா வேலை வாங்குகிறீர்களே!" என்றேன். "மன்னிச்சுக்குங்க சார்" என்று வைத்துவிட்டார்.

அப்புறம் பத்தாண்டுகள் கழித்து அவரை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். ஓய்வு பெற்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பணிக்கொடை வரவில்லை. நிலுவையின்மைச் சான்று கொடுக்க அலுவலகம் மறுத்துவிட்டது. அவர் பெயரில் 6,740 ரூபாய் தணிக்கைத் தடையில் நிற்கிறதாம். அதில் 3,000 என் மதிப்பூதியம். 760 என் பஸ் கட்டணம். மீதி 2,980 ரூபாய், பிள்ளைகள் இரண்டு நாள் குடித்த தேநீரும் தின்ற பன்னும். அந்தத் தேநீர்க் கடைக்காரர் தம் வாழ்நாளில் யாருக்கும் பில் போட்டவரில்லை.

"அந்தப் பணத்தைக் கையிலிருந்து கட்டிவிடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நானும் அதைத்தான் கேட்டேன் சார். விஷயம் தணிக்கைக்குப் போய்விட்டது, அங்கிருந்து தடை நீங்கி வந்தால்தான் வாங்கிக்கொள்ள முடியும் என்கிறார்கள்" என்றார்.

பணிக்கொடை வந்தால் வீட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்று வைத்திருந்தாராம். அது வராத ஒவ்வொரு மாதமும் அவர் வங்கிக்குக் கட்டிய வட்டியே அந்த 6,740 ரூபாயைவிட அதிகம். இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து விதிகளைத் தேடிப் படித்தேன். மத்திய சர்க்காரின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 323-ஆவது விதி இந்த முன்பணத்தைப் பற்றியது. வாங்கிய நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் கணக்கையும் மிச்சப் பணத்தையும் ஒப்படைக்க வேண்டும். தவறினால் அடுத்த சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு விதிகள் தனி. ஆனாலும் சுருதி இதுதான்.

இந்த விதியை நான் குறை சொல்லவில்லை. பொதுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குக் காட்டாதவர்களை உலகம் கண்டிருக்கிறது. ஹென்றி ஃபாக்ஸ் என்று ஓர் ஆங்கிலேயப் பிரபு. 1757 முதல் 1765 வரை பிரிட்டிஷ் படைகளுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் பெரிய உத்தியோகம் அவருக்கு. பதவியை விட்ட பிறகும் பட்டுவாடா போக மிஞ்சிய பெருந்தொகையைப் பல வருஷம் தம்மிடமே வைத்திருந்து அதில் லாபம் சம்பாதித்தார். 1774-இல் அவர் கண்ணை மூடும்வரை கணக்கு முடிந்தபாடில்லை. அன்றைக்கு அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. 1782-இல் எட்மண்ட் பர்க் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகுதான் அந்தப் பணம் அதிகாரியின் கையைவிட்டு இங்கிலாந்து வங்கிக்குப் போனது. நம் ஊரிலும் தீபாவளிக்கு முன்னால் முன்பணம் வாங்கி, பொங்கலுக்குப் பிறகும் கணக்குக் கொடுக்காத புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அவர்கள் சம்பளத்தில் கை வைத்தால் நான் கண்ணீர் விட மாட்டேன்.

என் சண்டை வேறு. பதினைந்து நாள் என்று கெடு வைத்தீர்களே, அது யாருக்கு? வாங்கியவருக்கு மட்டுந்தானா? அவர் பன்னிரண்டாம் நாளே கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதைப் பார்க்கிற மேசைக்கு என்ன கெடு? நான் சொன்ன பேராசிரியர் கெடுவுக்குள்தான் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து ஸ்டாம்பு எங்கே என்று கோப்பு திரும்பி வந்தது. பதில் எழுதினார். ஐந்து மாதம் கழித்து டிக்கெட் எங்கே என்று வந்தது. அதற்கும் எழுதினார். அடுத்த வருஷம் தேநீருக்கு பில் எங்கே என்று வந்தது. மூன்று கேள்வியையும் முதல் நாளே கேட்டிருந்தால் மூன்றையும் ஒரே வாரத்தில் தீர்த்திருப்பார். என்னையும் அன்றைக்கே ஓட ஓட விரட்டிக் கையெழுத்து வாங்கியிருப்பார்.

அந்த ஸ்டாம்பு விஷயத்தைக் கேளுங்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்குத்தான் ஒரு ரூபாய் ஸ்டாம்பு வேண்டும் என்று 2004-லேயே சட்டம் மாறிவிட்டது. அதற்கு முன்னால் வரம்பு ஐந்நூறு. என் ரசீது மூவாயிரத்துக்கு. சட்டம் கேட்காத ஸ்டாம்பை மேசை கேட்டிருக்கிறது. கேட்டவருக்குத் தண்டனை இல்லை. கேட்கப்பட்டவருக்குப் பணிக்கொடை இல்லை!

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. பில் இல்லாத தேநீருக்குக் கணக்குக் காட்ட இரண்டு வழிதான். ஒன்று, கையிலிருந்து போடுவது. இன்னொன்று, தெரிந்த கடையில் வெற்று பில் வாங்கி நாமே நிரப்பிக்கொள்வது. இரண்டாவது வழியில் போனவருடைய கோப்பு ஒரே மாதத்தில் முடிகிறது. குடிக்காத தேநீருக்கும் அங்கே பில் உண்டு, எண் உண்டு, முத்திரை உண்டு. உண்மையைச் சொன்னவர் பத்து வருஷம் நிற்கிறார். வெற்று பில் வாங்க ஆசிரியர்கள் மாணவர்களைத்தான் அனுப்புகிறார்கள். வகுப்பில் அறம் படித்த பிள்ளை, மத்தியானம் அந்த பில்லை நிரப்பிக்கொண்டிருக்கிறான். இரண்டில் எந்தப் பாடம் அவன் மனதில் தங்கும் என்று நினைக்கிறீர்கள்?

"கொஞ்சம் தளர்த்தினால் திருடர்கள் புகுந்துவிடுவார்கள்" என்று ஒரு கணக்கு அதிகாரி என்னிடம் வாதாடினார். நல்ல மனிதர். அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அவரை நான் ஒன்று கேட்டேன்: "உங்கள் அனுபவத்தில் திருடனுடைய ரசீது எப்போதாவது குறையோடு இருந்திருக்கிறதா?" அவர் பதில் சொல்லாமல் சிரித்தார்.

நம்பினால் சர்க்கார் கவிழ்ந்துவிடும் என்பதும் பொய். நம்புவதற்கு மத்திய சர்க்காரே வழி காட்டியிருக்கிறது. 2017 ஜூலையில் வந்த பயணப்படி ஆணையைப் பாருங்கள். கீழ்நிலை, நடுநிலை ஊழியர்கள் வெளியூரில் தங்கிய செலவையும் உள்ளூர்ப் போக்குவரத்துச் செலவையும் வரம்புக்குள் இருந்தால் ரசீது இல்லாமல், தாமே எழுதிக் கையெழுத்திட்ட சான்றின்பேரில் பெற்றுக்கொள்ளலாம் என்கிறது. அதற்காக எந்தக் கஜானாவும் காலியானதாகத் தெரியவில்லை. டெல்லியில் ஒரு குமாஸ்தாவை நம்ப முடிகிறது. இங்கே முப்பது வருஷம் பாடம் சொன்ன பேராசிரியரை இரண்டு நாள் தேநீருக்கு நம்ப முடியாதா?

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. விருந்தாளிக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் கொடுக்க வேண்டியதைப் பல்கலைக்கழகமே நேராக அவரவர் வங்கிக் கணக்கில் போடட்டும். இன்றைக்குக் கீரை விற்கிற அம்மாள்கூடக் கைபேசியில் பணம் வாங்கிக்கொள்கிறார். ஆசிரியர் கையில் சில்லறைச் செலவுக்கு மட்டும் பணம் இருக்கட்டும். ஒரு வரம்பு வரைக்கும் அவருடைய சான்றே போதும் என்று இருக்கட்டும். கணக்கு வந்த பதினைந்து நாளுக்குள் அலுவலகம் தன் கேள்வி அத்தனையையும் ஒரே தாளில் கேட்கட்டும். கேட்காவிட்டால் கணக்கு முடிந்ததென்று பொருள். மோசடி என்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் தோண்டட்டும். அது இல்லாமல், ஓய்வு பெறுகிற மனிதரின் பணிக்கொடையை ஒரு பஸ் டிக்கெட்டுக்காக நிறுத்துகிற வேலை வேண்டாம்.

கடைசியாக, என்னைப் போல் மேடையேறுகிற சகோதர எழுத்தாளர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மை வரவேற்க விடியற்காலை பஸ் நிலையத்தில் நிற்கிற மனிதர், நம் செலவுக்குத் தம் சம்பளத்தை ஜாமீன் வைத்துவிட்டு நிற்கிறார். அவர் நீட்டுகிற காகிதத்தை மேசையில் வைத்து, உட்கார்ந்து, படித்துக் கையெழுத்துப் போடுவதால் நம் இலக்கியம் ஒன்றும் குறைந்துவிடாது.

கல்யாணத்துக்கு மறு வாரம் நான் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். புதிய ரசீதில் கையெழுத்துப் போட்டேன். வேண்டாத ஸ்டாம்பையும் ஒட்டினேன். மேசையிலிருந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பழைய கையெழுத்தும் இதுவும் ஒன்றாக இல்லையே என்றார். அது என் தவறுதான் என்றேன். "சரி, அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இதை எழுதும் நாள்வரை அவருக்குப் பணம் வரவில்லை.