தேன்சிட்டு எந்தப் பட்டியலில்?

தேன்சிட்டு, தட்டான்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான். பட்டணத்து ஆளுககிட்ட இந்த வரிசையைச் சொன்னா ஏதோ குருவி, பூச்சிப் பேருன்னு நினைப்பாங்க. பேரு அங்க இருந்து வந்ததுதான். ஆனா எங்க தேனி மாவட்டத்துல இது மாட்டு வண்டிப் பந்தயத்தோட வகுப்புகள். கரிச்சானுக்கு மேல நடுமாடு, அதுக்கு மேல பெரிய மாடு. சில ஊர்ல புள்ளிமான்னு இன்னொண்ணும் சேரும். பந்தய நோட்டீசுல இந்தப் பேருகளைப் போட்டு, எதுக்கு எதுக்கு என்ன பரிசுன்னு அச்சடிச்சு ஒட்டிருப்பாங்க.

மாட்டோட உயரத்தையும் பல்லையும் பார்த்து வகுப்புப் பிரிப்பாங்க. பல் போடாத கன்னு எது, ரெண்டு பல் போட்டது எது, பல் எல்லாம் போட்டு கடை சேர்ந்த மாடு எதுன்னு வாயைத் திறந்து பார்த்தாலே தெரிஞ்சுபோகும். சிட்டு வகுப்புக்குத் தூரம் கம்மி, பெரிய மாட்டுக்குக் கூட. தூரத்தை இன்னைக்கும் மைல் கணக்குலதான் பேசுறாங்க. வண்டியில ஒரு சாரதி, கூடவே இறங்கி ஓட ஒரு துணைச் சாரதி. எல்லையில கொடியை வாங்கிட்டுத் திரும்பி வரணும்.

இதை எதுக்கு இவ்வளவு விரிவாச் சொல்றேன்னா, விளையாட்டை வகை பிரிக்கிறதுன்னா பள்ளிக்கூடப் புத்தகத்துல இருக்கிறதுதான்னு நிறையப் பேரு நினைக்கிறாங்க. தனிநபர் விளையாட்டு, குழு விளையாட்டு. உள்ளரங்கம், வெளியரங்கம். நாங்களும் அதைத்தான் படிச்சு மார்க்கு வாங்கினோம். ஆனா புத்தகம் எழுதாத ஊர்க்காரன் தன் பாட்டுக்கு ஒரு வகைப்பாடு செஞ்சு வச்சிருக்கான். குத்துச்சண்டையிலயும் மல்யுத்தத்துலயும் எடை பார்த்துப் பிரிக்கிறாங்களே, அதே நியாயம்தான் இது. கன்னுக்குட்டியைக் கடை சேர்ந்த காளையோட ஓட விட்டா அதுக்குப் பேரு போட்டி இல்ல. அந்த அறிவு இந்தச் சனங்களுக்கு இருக்கு.

வகை பிரிக்கிறவன் எதைப் பார்க்கிறானோ அதை வச்சுத்தான் வகை அமையும். தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து எழுதினப்போ, ஆண்பிள்ளைங்க ஆடுறது, பெண்பிள்ளைங்க ஆடுறது, ரெண்டு பேரும் ஆடுறதுன்னு பிரிச்சார். அதுக்குள்ள பகல்ல ஆடுறது, ராத்திரியில ஆடுறதுன்னும் பிரிச்சார். கரண்டு இல்லாத ஊர்ல நிலா வெளிச்சம்தான் மைதானத்து விளக்கு. அந்த வாழ்க்கையைப் பார்த்தவர் போட்ட பிரிவு அது. ஒலிம்பிக்ல சேர்ந்தது, சேராததுன்னு பிரிக்கிறவருக்கு வேற கண்ணு. ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும். ஆனா சட்டம் ஒரு வகைப்பாடு செய்யும்போது அது வெறும் பேரு விஷயமா இருக்கிறதில்லை. ஒரு ஆட்டம் நடக்குமா நடக்காதாங்கிறதே அதுலதான் இருக்கு.

2011 ஜூலையில மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிக்கை போட்டுச்சு. வித்தை காட்டப் பழக்கக் கூடாத விலங்குகள்னு ஒரு பட்டியல். அதுல ஏற்கெனவே கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இருந்துச்சு. அதோட காளையையும் சேர்த்தாங்க. சேர்த்தது ஒரே ஒரு சொல்லு. 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கும் மகாராஷ்டிரத்து மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் தடை சொன்னப்போ, அந்த அறிவிக்கையையும் செல்லும்னு சொல்லிருச்சு. வீட்டுத் தொழுவத்துல கட்டிக் கிடக்கிற மாடு, சர்க்கஸ் கூண்டுல கிடக்கிற சிங்கத்தோட ஒரே வரியில போய் நின்னுச்சு.

இதே நாட்டுல குதிரைக்கு நடந்ததையும் பாருங்க. கிண்டி குதிரைப் பந்தயம் பத்தின வழக்குல 1996-ல உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டம் இல்லன்னு தீர்ப்புச் சொல்லுச்சு. அந்த வழக்குல கேள்வி வேற, அது பணம் கட்டுறதைப் பத்தினது, எனக்குப் புரியுது. ஆனாலும் ரெண்டு மிருகமும் ஓடுது, ரெண்டுக்கும் சாட்டை உண்டு. ஒண்ணு திறமைப் பெட்டியில விழுந்துச்சு, இன்னொண்ணு சிங்கத்துப் பெட்டியில விழுந்துச்சு. குதிரை மேல எனக்குப் பொறாமை இல்ல. பெட்டியைத் தூக்கி வைக்கிற கை எந்த ஊர்க் கைங்கிறதுதான் என் கேள்வி.

2017 ஜனவரியில மெரினாவுலயும் அலங்காநல்லூர்லயும் பிள்ளைங்க உக்காந்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள்ல பாதிப் பேரு அங்க உக்காந்திருப்பீங்க. அதுக்கப்புறம் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் ஜல்லிக்கட்டுக்கு ஒரு விளக்கம் எழுதுச்சு. ஜனவரி முதல் மே வரைக்கும் மரபுப்படி காளைகளை வச்சு நடத்துற நிகழ்ச்சி. மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா இதுல அடங்கும்னு இருக்கு. இந்த நாலும் வேற வேற ஆட்டம். வாடிவாசல்ல வர்ற காளையோட திமிலை ஒருத்தன் பிடிச்சுத் தொங்குறது ஜல்லிக்கட்டு. பொட்டல்ல அவிழ்த்து விடுறது மஞ்சுவிரட்டு. நீளமான வடத்துல கட்டின காளையை ஒரு குழு நேரக் கணக்குல அடக்கப் பார்க்கிறது வடமாடு. கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கம் காளையை மட்டும் ஓட விட்டு நேரம் பார்க்கிறது எருது விடும் விழா. நாலுக்கும் பேரு போட்டிருக்காங்க, சந்தோஷம்.

மாட்டு வண்டிப் பந்தயம்ங்கிற பேரு மட்டும் அந்த விளக்கத்துல இல்ல.

மகாராஷ்டிரக்காரங்க பைல்காடா சர்யத்னு அவங்க ஊர்ப் பேரையே சட்டத்துல எழுதிக்கிட்டாங்க. கர்நாடகத்துல கம்பளாவோட மாட்டு வண்டிப் பந்தயத்தையும் சேர்த்து எழுதினாங்க. 2023 மே 18-ல அஞ்சு நீதிபதி அமர்வு மூணு மாநிலத்துச் சட்டமும் செல்லும்னு சொல்லிருச்சு. அவங்களுக்கு வண்டிப் பந்தயம்னு எழுத்துல இருக்கு. நமக்கு இல்ல. தெற்குச் சீமையில ஊருக்கு ஊரு நடக்கிற ஒரு விளையாட்டுக்குச் சட்டத்துல தனியா ஒரு பேரு இல்ல. அதனால ஒவ்வொரு தடவையும் அனுமதிக்கு அலைச்சல். மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் அனுமதி வாங்கின ஊருங்களும் உண்டு.

இப்ப நீங்க கேப்பீங்க. மாடு என்ன, நான் ஓடுறேன்னு கையெழுத்துப் போட்டுச்சா? நியாயமான கேள்வி. விளையாட்டுன்னா ஆடுறவன் விரும்பி ஆடணும். மாட்டைக் கேக்க முடியாது. அதனாலதான் விதி மனுசன் கையைக் கட்டுற மாதிரி இருக்கணும்னு சொல்றேன். எங்க பந்தயத்துல குறையே இல்லன்னு நான் சாதிக்கல. தார்க்குச்சி வச்சுக் குத்துறவன் இருக்கான். வாலைக் கடிக்கிறவன் இருக்கான். தார் ரோட்டுல ஓட விடுறாங்க, பின்னாடியே நூறு பைக்கு ஹாரனை அமுக்கிக்கிட்டு வருது. எதிர்ல பஸ் வந்தா மாட்டுக்கும் ஆபத்து, மனுசனுக்கும் ஆபத்து. இதெல்லாம் தடுக்கப்பட வேண்டியதுதான்.

ஆனா தடுக்கிறதுக்கும் பிரிச்சுப் பார்க்கிற கண்ணு வேணும். ஒலிம்பிக்ல நடந்ததையே எடுத்துக்குங்க. 2021-ல டோக்கியோவுல நடந்த ஒலிம்பிக்ல, நவீன ஐந்திறன் போட்டியில ஒரு குதிரை ஓட மறுத்துச்சு. பயிற்சியாளர் ஒருத்தர் அதைக் கையால குத்தினதை உலகமே டிவியில பார்த்துச்சு. அந்தப் போட்டியில குதிரை யாருக்கு எதுன்னு குலுக்கல்ல விழும். முன்னப்பின்ன பழக்கமில்லாத குதிரையோட இருபது நிமிசம் பழகிட்டு ஏறணும். பாரிஸ் ஒலிம்பிக்கோட அந்தக் குதிரைப் பகுதியை எடுத்துட்டாங்க, அதுக்குப் பதிலா தடை தாண்டும் ஓட்டம். அதே சமயம், வருசக்கணக்கா ஒருத்தரும் ஒரு குதிரையும் சேர்ந்து பழகி ஆடுற குதிரையேற்றப் போட்டிகள் ஒலிம்பிக்ல அப்படியே இருக்கு. குதிரைன்னு பேரு வந்த எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டல. எது பழகின குதிரை, எது பழகாத குதிரைன்னு பிரிச்சாங்க. அந்தப் பொறுமையைத்தான் நம்ம மாட்டுக்கும் கேக்கிறேன்.

நான் போடிமெட்டுச் சரிவுல ஏலக்காய் போட்டிருக்கிறவன். காய்ந்த காயைச் சல்லடையில போட்டு எட்டு மில்லி, ஏழு மில்லின்னு தரம் பிரிச்சாத்தான் போடி ஏலத்துல மதிப்பு. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி வச்சா நல்ல காய்க்கும் சொத்தைக் காய் விலைதான் கிடைக்கும். ஆட்டமும் அப்படித்தான். ஒழுங்கா நடத்துற ஊரும் கண்டபடி நடத்துற ஊரும் ஒரே சாக்குல கிடக்குது. கெட்டவன் செய்யுறதுக்கு எல்லாருக்கும் சேர்த்துத் தடை வருது. அனுமதி வந்தாலும் கெட்டவனுக்கும் சேர்த்துத்தான் வருது.

அதனால எனக்கு வேண்டியது இதுதான். மாட்டு வண்டிப் பந்தயம்னு சட்டத்துல பேரைப் போடுங்க. ஊர்க்காரன் பிரிச்ச வகுப்பையே எடுத்துக்குங்க, கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்து எழுதிக் குடுக்கட்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் இத்தனை தூரம்தான்னு எழுதுங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடியணும்னு எழுதுங்க. பஸ் போற ரோட்டை விட்டுட்டு மண் தடத்துல நடத்தணும்னு எழுதுங்க. தார்க்குச்சி கையில இருந்தா வண்டியை வெளியேத்தணும்னு எழுதுங்க. பைக்கு பின்னாடி வரக் கூடாதுன்னு எழுதுங்க. சாரதிக்கும் துணைச் சாரதிக்கும் இன்சூரன்ஸ் போடுங்க, அவனும் விளையாட்டு வீரன்தான். கபடி ஆடுறவனுக்குக் காலு முறிஞ்சா கேக்க நாதி உண்டு, வண்டியில இருந்து விழுந்தவனைக் கேக்க யாருமில்ல.

இதுல ஊர்க்காரங்களுக்கும் கசப்பு இருக்கும். விதி எழுதினா, ரோட்டுல பறக்கிற அந்த வேகமும் கூட்டமும் குறையும். பெரிய பந்தயம் நடத்தி மார் தட்டுறவங்களுக்குப் பிடிக்காது. குறையட்டும். மாடு நல்லா இருந்தாத்தான் அடுத்த வருசம் பந்தயம்.

உங்க போன்ல அடுத்த தடவை மாட்டு வண்டிப் பந்தய வீடியோ வந்தா, இது வீரமா கொடுமையான்னு உடனே ஒரு பக்கம் சாஞ்சிராதீங்க. இது எந்த வகுப்பு, எத்தனை மைல், தார் ரோடா மண் தடமா, கையில தார்க்குச்சி இருக்கான்னு பாருங்க. அந்த நாலு கேள்வியைப் பட்டணத்துல இருந்து நீங்க கேக்க ஆரம்பிச்சா, இங்க பந்தயம் நடத்துறவங்க பதில் சொல்லியாகணும்.