குழி தோண்டுமுன் ஒரு கேள்வி

போன வருஷ முகாமில் நாம் நட்ட வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் எத்தனை பிழைத்தன என்று யாராவது போய்ப் பார்த்தோமா? நான் பார்த்தேன். எங்க ஊருக்குப் போகிற வழிதானே. ஒன்றுகூட இல்லை. ஆடு தின்றது பாதி, காய்ந்தது மீதி. போட்டோ மட்டும் நோட்டீஸ் போர்டில் பத்திரமாக இருக்கிறது!

மரம் நடுவதற்கு நான் எதிரி அல்ல. ஆனால் நாம் குழி தோண்டியது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம். வறண்ட மேய்ச்சல் நிலத்துக்கு முதலில் வேண்டியது கன்று அல்ல, வேலியும் ஓய்வும்தான் என்பது என் கருத்து.

காங்கயம், தாராபுரம் பக்கத்து நண்பர்களுக்குக் கொரங்காடு தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மானாவாரி நிலம். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம். வேலி இருப்பதால் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும், காவலுக்கு ஆள் வேண்டாம். ஒரு காடு மேய்ந்து முடிந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றலாம், மேய்ந்த காடு ஓய்வெடுக்கும். வெள்வேல நெற்றைத் தின்கிற ஆடு புழுக்கையோடு விதையையும் போட்டுவிடும். நாற்றங்கால் செலவே கிடையாது! சில வருஷத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பார்கள். இறுகின மண் இளகி, புல் புதுசாகக் கிளம்பும்.

இது கெடுவது எப்படி? எங்க நாலு ஏக்கரையே சொல்கிறேன். இரண்டு பக்கம் கிளுவை பட்டுப்போனது. அப்பாவுக்குக் கூலி வேலைக்குப் போகவே நேரம் சரியாக இருந்தது, சந்தை அடைக்கவில்லை. ஊர் ஆடெல்லாம் உள்ளே! முதல் மழைக்குத் துளிர்த்த புல்லை அப்போதே கடித்துவிட்டால் அது எப்படி விதை கட்டும்? வேரும் வற்றிப்போகும். நாலு வருஷத்தில் புல் போய் ஆவாரையும் சீமைக்கருவேலமும் வந்தன. சீமைக்கருவேல நெற்றை ஆடுமாடு தின்னும், இலையைத் தொடாது. பிறகு பரவாமல் என்ன செய்யும்? 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது ஊருக்கு ஊர் பொக்லைன் வந்தது. ஆனால் தூரோடு எடுக்காமல் மேலாக வெட்டினால் அது மறுபடி தழைக்கும். எடுத்த இடத்தில் உடனே புல் விதைக்காவிட்டாலும் அதே கதைதான்.

இப்போது சோலார் கம்பெனிக்கு நிலம் கேட்டுப் புரோக்கர்கள் வருகிறார்கள். "சும்மா கெடக்கிற காடுதானே, குடுத்துரலாம்" என்கிறார் அப்பா. என் பீஸும் அந்தப் பேச்சில் வரும், அதனால் பதில் சொல்ல எனக்குச் சங்கடம். இருந்தாலும், "ரெண்டு மழை பொறுங்கப்பா" என்றேன். கான்கிரீட் போட்டால் 28 நாள் கழித்துத்தானே கியூபை உடைத்துப் பலம் பார்க்கிறோம்? புல்லுக்கு ஒரு மழைக்காலம் கொடுக்கக்கூடாதா? அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அப்பாரும் நானும் கிளுவைப் போத்து நட்டபோது, கடப்பாரை எடுத்துக் கொடுத்தார்.

இந்த வருஷ முகாமில் ஊராரைக் கேட்டு, அதே பொது நிலத்தில் கொஞ்ச இடத்துக்காவது வேலி போடுவோம். மண்வெட்டியோடு அரிவாளும் கொண்டு வாருங்கள். போத்து வெட்ட அப்பாரு சொல்லித் தருவார். கிளுவை முள் குத்தும், இப்போதே சொல்லிவிட்டேன்!