‘கர்ஷகத் தொழிலாளி’: ஒரு தொகைச்சொல்லும் ஒரு பாதிரியாரும்

சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம்.

அண்மையில் ஒரு கருத்தரங்கில் சமயமும் மாநில அரசியலும் என்ற பொருளில் ஓர் அமர்வு நடந்தது. ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தை 2009 முதல் 2014 வரை ஆண்ட கிறிஸ்டினே லீபர்க்னெக்ட் அங்கே முன்மாதிரியாக வைக்கப்பட்டார். லூத்தரன் சபைப் போதகர், கிழக்கு ஜெர்மனியில் அரசுக்கு இணங்கிக் கிடந்த தம் கட்சியைச் சீர்திருந்தச் சொல்லி 1989 செப்டம்பரில் வெளியான வைமார் கடிதத்தில் கையொப்பமிட்ட நால்வருள் ஒருவர், பிறகு முதலமைச்சர். இதற்கு ‘மனச்சாட்சியின் அரசியல்’ என்று பெயர் சூட்டப்பட்டது. அடுத்து நம் பக்கத்து உதாரணமாக அருட்தந்தை ஜோசப் வடக்கன் வந்தார். அவருக்குக் கிடைத்த சொல் ‘அணிமாறி’. மறுத்துப் பேசிய ஒருவர் ‘சிவப்புப் பாதிரியார், விடுதலை இறையியலின் முன்னோடி’ என்றார். இரண்டுமே பிழை என்பது என் வாதம். ஐரோப்பியர் நிலைப்பாடு மாறினால் மனச்சாட்சி, நம்மவர் மாறினால் சந்தர்ப்பவாதம் என்ற அளவுகோலைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

முதலில் நிகழ்வுகள். 1957 ஏப்ரல் 5இல் பதவியேற்ற ஈ.எம்.எஸ். அமைச்சரவை ஒரு வாரத்துக்குள் நிலவெளியேற்றத்தைத் தடுக்கும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த அரசை வீழ்த்திய விமோசன சமரத்தின் முன்னணிக் குரல்களில் ஒன்று திருச்சூரின் வடக்கனச்சன். 1959 ஜூலை 31இல் அரசு கலைக்கப்பட்டது. 1960இல் பட்டம் தாணுபிள்ளை முதல்வரானார். சமரம் வென்றது, பாதிரியார் வென்றார்.

அடுத்த ஆண்டே இடுக்கி நீர்மின் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியில் குடியேறியிருந்த ஆயிரத்துக்கும் மேலான குடும்பங்கள் அகற்றப்பட்டு, குமுளிக்கு அருகே அமராவதியில் கொட்டும் மழையில் கொண்டுவந்து விடப்பட்டன. ‘குடியிறக்கு’ என்று மலையாளம் அதைச் சொல்லும். 1961 ஜூனில் ஏ.கே. கோபாலன் அங்கே உண்ணாவிரதம் இருந்தார். அவருக்குத் துணையாக வந்து நின்றவர் வடக்கன். வெளியேற்றத்தைத் தடுத்த அரசை எதிர்த்தவர், தாம் வரவழைத்த அரசின் வெளியேற்றத்தை எதிர்த்து நின்றார். பின்னர் கர்ஷகத் தொழிலாளி கட்சியை நிறுவினார். 1967இல் அதே ஈ.எம்.எஸ். தலைமையிலான ஏழு கட்சி முன்னணியில் அக்கட்சி இடம்பெற்றது. சுகாதார அமைச்சர் நாற்காலியில் அமர்ந்தவர் பி. வெல்லிங்டன், வடக்கன் அல்லர். லீபர்க்னெக்டோடு அவரை அப்படியே ஒப்பிட முடியாமைக்கு இது முதற்காரணம். 1969 அக்டோபரில் அந்த அமைச்சரவை கவிழ்ந்தபோது எழுந்த ஊழல் குற்றச்சாட்டுகளில் வெல்லிங்டன் மீதானதும் ஒன்று.

இவ்வளவையும் கண்டு ‘அணிமாறி’ என்போர் ஒன்றைக் காணவில்லை. எதிரியும் தோழனும் மாறினாலும் அவர் எவருக்காகப் பேசினாரோ அவர்கள் மாறவே இல்லை. மலைநாட்டுக் குடியேற்ற விவசாயி, அவரது மலைநாடு கர்ஷக யூனியனின் உறுப்பினன், அவர் பேச்சில் என்றும் எழுவாய். எழுவாய் நிலைக்க, பயனிலைதான் மாறிற்று.

ஆனால், அந்த எழுவாயில் அடங்காதோர் யார்? ‘சிவப்புப் பாதிரியார்’ என்று நெகிழ்வோரிடம் நான் கேட்பது இதுவே. கட்சியின் பெயரையே பாருங்கள். ‘கர்ஷகத் தொழிலாளி’ என்பது மலையாளத்தில் இன்று சாதாரணமாக விவசாயக் கூலியைக் குறிக்கும். 1974ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்பொருளே. நம் இலக்கணப்படி அது வேற்றுமைத்தொகை. கட்சிப் பெயரை அவ்வாறு கொள்ள இயலாது. மலைநாட்டில் ‘கர்ஷக’ யூனியன், திருச்சூரில் ‘தொழிலாளி’ என்ற இதழ் என வடக்கனின் இருவேறு முயற்சிகள் அதில் சேர்ந்துள்ளன. ஆகவே கர்ஷகனும் தொழிலாளியும், உம்மைத்தொகை. கருத்தரங்கின் தமிழ்ச் சுருக்கம் ‘விவசாயக் கூலிகள் கட்சி’ என்று பெயர்த்திருந்தது. நிலமற்றோரின் கட்சி என்ற மயக்கம் அந்த ஒரு பெயர்ப்பிலேயே பிறந்துவிட்டது.

மலையில் இன்னொரு தொழிலாளி இருந்தான், தமிழ் பேசியவன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவன். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரி நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 1954இல் போராடியபோது, முதல்வர் இதே பட்டம் தாணுபிள்ளை. உயர்மலையில் ஆளுக்கு 5 ஏக்கர் தந்து மலையாளிகளைக் குடியேற்றும் திட்டம் அக்காலத்தது. கல்லாற்றில் ‘பட்டம் காலனி’ இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. குடியேற்றியவரும் அவரே, 1961இல் குடியிறக்கியவரும் அவரே. மாநிலச் சீரமைப்பு ஆணையமோ தோட்டத் தமிழரை நிலையற்ற மக்களாகக் கருதியது. மூன்று தலைமுறை முன் வந்தவன் வழிப்போக்கன். பத்தாண்டு முன் வந்தவன் மண்ணின் மைந்தன். முதுவரும் மன்னாரும் பளியரும் இந்தக் கணக்கிலேயே இல்லை.

அமராவதியின் கண்ணீர் பொய்யன்று. அங்கு நின்ற பாதிரியாரின் துணிவும் பொய்யன்று. அமராவதிக்கு ஒரு உண்ணாவிரதம் கிடைத்தது, வரலாற்றில் இடம் கிடைத்தது. 1963ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் தோட்டங்களுக்கு விலக்களித்தது. லயத்தில் வாழ்ந்தவன் ஓய்வுபெறும் நாளில் லயத்தை விட்டு இறங்க வேண்டும். ஆண்டுதோறும் சத்தமின்றி நடக்கும் குடியிறக்கு அது. தொழிற்சங்கங்கள் கூலிக்கும் போனசுக்கும் போராடின, மறுக்கவில்லை. அந்தச் சங்கங்களையே நம்பாமல் 2015இல் மூணாற்றுப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’யாகத் தெருவுக்கு வந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் லயங்களோடு மண்ணுக்குள் போன 70 பேருள் பெரும்பாலோர் தமிழர்.

‘கல்பாத்தியிலிருந்து எழுதுகிறாய், உனக்கென்ன நிலச்சீர்திருத்தக் கவலை’ என்று கேட்கப் போவோருக்கு முன்கூட்டியே ஒரு சொல். கேள்வி நியாயமானதே. எங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பாட்ட நெல் 1970 ஜனவரி 1இல் நின்றது. எங்கள் வீட்டில் அது இன்றும் ஒரு துக்க நாளைப் போலப் பேசப்படுகிறது. அந்தத் துக்கத்தில் எனக்குப் பங்கில்லை. உழுதவனுக்கு நிலம் போனது சரியே. ஆற்றங்கரை அக்கிரகாரத்தின் தமிழ் கேரளத்தில் ‘பாரம்பரியம்’ ஆகிவிட்டது, தேருக்கு அரசு விளம்பரம் செய்கிறது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அதே மொழியைப் பேசும் தோட்டத்துக்காரனுக்கு அது ‘வெளியாள்’ என்பதற்கான அடையாளம். ஒரே மொழி, இருவேறு மதிப்பு. மொழியியல் படித்தவனுக்கு இது உறுத்தாமல் இருந்தால்தான் வியப்பு.

கருத்தரங்கத் தொகுப்பு அச்சுக்குப் போகுமுன் ‘விவசாயக் கூலிகள் கட்சி’ என்பதை ‘விவசாயிகள், தொழிலாளர்கள் கட்சி’ என்று திருத்துமாறு அமைப்பாளர்களுக்கு இருமுறை எழுதினேன். ‘சிறிய மொழிபெயர்ப்புச் சிக்கல்தானே’ என்று பதில் வந்தது. மூன்றாவது மடலை இன்று அனுப்பியிருக்கிறேன், இந்தப் பதிவையும் இணைத்து.