இடம் உறுதியான பிறகு எதைப் படிப்பது?

பிளஸ் டூ முடித்த கையோடு எம்.பி.பி.எஸ். சேர்ந்து பழகிய நமக்கு அமெரிக்க முறை தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகத் தெரியும்: நான்காண்டு இளநிலைப் பட்டம், ஏழரை மணி நேர எம்கேட் தேர்வு, அதன்பின் நான்காண்டு எம்.டி. பள்ளி இறுதியிலேயே இரண்டு பட்டங்களுக்கும் சேர்த்து இடம் தரும் இணைப்புப் படிப்புகளும் அங்கே உண்டு. கன்சாஸ் சிட்டியில் உள்ள மிசூரி பல்கலைக்கழகம் 1971 முதல் ஆறே ஆண்டுகளில் படிப்பை முடித்துத் தருகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் எட்டு ஆண்டும் படிக்க வேண்டும். ஆனால் எம்கேட் கிடையாது, இளநிலையில் எந்தத் துறையையும் முதன்மைப் பாடமாக எடுக்கலாம். மிச்சமாகும் ஆண்டுகளைத்தான் பெற்றோர் பெரிய சலுகையாகப் பார்க்கிறார்கள். பிரவுன் தரும் சுதந்திரமே பெரிது என்பேன்.

இடம் உறுதியாகாத மாணவர் நிரப்பும் பொது விண்ணப்பத்தைப் பார்த்தாலே இது விளங்கும். செயல்பாடுகளைக் குறிக்க 15 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று கணக்குக் காட்ட வேண்டும். மருத்துவமனைத் தொண்டு இவ்வளவு, டாக்டர் பின்னால் நின்று பார்த்தது இவ்வளவு, ஆய்வுக்கூடம் இவ்வளவு. கரிம வேதியியலில் ‘பி’ வந்துவிடுமோ என்ற அச்சத்தில் இருக்கும் 19 வயதுப் பிள்ளை, ஆசைப்பட்ட தத்துவ வகுப்பை விட்டுவிட்டு மதிப்பெண் சுலபமாகக் கிடைக்கும் வகுப்பில் சேர்கிறது. இனியும் செயற்கைச் சுவாசம் தொடரவா என்று நோயாளியின் குடும்பத்தோடு பேசப்போகிற டாக்டருக்கு, அந்தத் தத்துவ வகுப்பு பெரிய இழப்பு.

பயம் போனால் படிப்பும் போய்விடும் என்பார்கள். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987 முதல், இலக்கியம், சமூகவியல் போன்றவற்றைப் படிக்கும் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு எம்கேட் கேட்காமலே இடம் ஒதுக்கியது. அப்படி வந்த 85 பேரை, வழக்கமான வழியில் வந்த 606 பேரோடு ஒப்பிட்ட ஆய்வு 2010-ல் வெளியானது. முதற்கட்ட உரிமத் தேர்வில் இவர்களுக்குச் சற்றுக் குறைந்த மதிப்பெண். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வார்டுப் பயிற்சியில் இவர்கள் பின்தங்கவில்லை. அந்த உரிமத் தேர்வுக்கே 2022 முதல் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: 17 வயதில் இந்த இடங்களைப் பிடிப்பது, வழிகாட்ட ஆளும் வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே எளிது. உண்மைதான். அதனாலேயே, இடம் கிடைத்தவர்களுக்கு ஆய்வுக்கூடத்திலும் மருத்துவமனையிலும் மேலும் முன்னுரிமை தருவதை ஏற்க முடியவில்லை. அவை இன்னும் போட்டியில் நிற்பவர்களுக்குப் போகட்டும். சுதந்திரத்தைத்தான் பலருக்கும் விரிக்க வேண்டும். 2013-ல் மவுண்ட் சினாய் எல்லாத் துறை மாணவர்களையும் இரண்டாமாண்டிலேயே விண்ணப்பிக்க அனுமதித்தது அந்தத் திசையில் நல்ல அடி. இடத்தைக் கொடுத்துவிட்டு, உயர்ந்த ஜி.பி.ஏ.யும் குறிப்பிட்ட எம்கேட் மதிப்பெண்ணும் இருந்தால்தான் செல்லும் என்கிற கல்லூரிகளோ ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகின்றன. அந்த நிபந்தனைகளில் முதலில் எம்கேட்டை நீக்கலாம்.