ஆறு மணி விருந்தாளி

எங்கள் வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். கொல்லையில் கிணறு, நாலு வாழை, அதைத் தாண்டி நொச்சியும் கொடியும் மண்டிய புதர், அப்பால் வாய்க்கால். பேரன் தவழ ஆரம்பித்ததும் மருமகளுக்குக் கவலை வந்துவிட்டது.

"அத்தை, புதரை வெட்டிட்டு கரை வரைக்கும் சிமெண்டு போட்டுடலாம். பாம்பு வந்தா என்ன பண்றது?"

பிள்ளை பெற்றவளின் பயம்; அதில் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் சொல்லியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை. ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஒரு பறவை சுருண்டு கிடந்தது. மைனாவை விடச் சின்னது, குட்டை வால். பச்சை முதுகு, தோளில் நீலம், கண்ணில் மை தீட்டினாற்போல் கறுப்புக் கோடு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. மதில் மேல் பூனை! சட்டென்று ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மேலே துணி போட்டேன். மருமகள் அதன் வாயில் தண்ணீர் விடப் போனாள்.

"வேண்டாம்மா, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். இருட்டும் அமைதியும் போதும்."

அதுதான் ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். வடக்கே 'நவரங்' என்பார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பறக்கிற பறவை. களைத்துப் போய்க் கண்ணாடியில் மோதிக்கொள்வது உண்டு. இங்கே அது தேடுவது நிழலும் சருகும்தான். நாம் குப்பை என்று கூட்டித் தள்ளுகிற சருகைப் புரட்டித்தான் புழு பூச்சி பிடித்துத் தின்கிறது.

ஒரு மணி நேரம் கழித்துப் படபடவென்று சத்தம். பூனையை விரட்டிவிட்டுக் கூடையைத் தூக்கினேன். தத்தித் தத்திப் புதருக்குள் போய்விட்டது. அன்று சாயங்காலம் வாய்க்கால் பக்கமிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீட்டி. பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு மருமகள் அசையாமல் நின்றாள்.

"அத்தை, புதர் இருக்கட்டும்."

ஞாயிறு வந்தவரிடம் வேறு வேலை சொன்னோம். வீட்டை ஒட்டிப் பத்தடி சுத்தம். பாம்பும் எலியும் ஒளிகிற விறகு, செங்கல் குவியல் அங்கிருந்து போயிற்று. பாம்பை விட வாய்க்கால் தண்ணீர்தானே தவழும் குழந்தைக்குப் பெரிய ஆபத்து? அதனால் கொல்லைக்குக் குறுக்கே மூங்கில் தட்டி கட்டி, தாழ்ப்பாளோடு ஒரு கதவும் வைத்தோம். அதற்கு அப்பால் புதர் அதன் பாட்டுக்கு இருக்கிறது.

மார்கழியில் கோலம் போட்டு முடித்ததும் தட்டி ஓரம் நிற்பது எங்கள் வழக்கமாயிற்று. கம்புள்கோழி குட்டை வாலைத் தூக்கித் தூக்கிப் போகும். உள்ளான் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே சேற்றைக் கொத்தும். ஒரு நாள் கீரிப்பிள்ளை கூட எட்டிப் பார்த்தது. வெயில் ஏறி, சித்திரைக்குள் சீட்டிச் சத்தம் நின்றுவிட்டது. விருந்தாளி ஊருக்குப் போயாச்சு!

உங்கள் கொல்லையிலும் ஒரு மூலையைப் பெருக்காமல் விட்டுவையுங்களேன். ஐப்பசி பிறந்ததும் ஆறு மணிக்குக் குழந்தையோடு காது கொடுத்துப் பாருங்கள்.