வாடகைக்கு விடப்படும் ஆய்வகங்கள்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் 2018 டிசம்பர் 5 அன்று வாயு உருளை வெடித்து, 32 வயது ஆய்வாளர் ஒருவர் உயிரிழந்தார், மூவர் படுகாயமுற்றனர். அவர்கள் கழகத்தின் அரவணைப்பில் தொடங்கப்பட்ட ஒரு தனியார் நிறுவனத்திற்காகப் பணியாற்றியவர்கள். பாதுகாப்புக் குறைபாடு பற்றிச் சில நாட்கள் பேசப்பட்டது. பொதுப்பணத்தில் எழுந்த ஓர் ஆய்வகம் தனியார் நிறுவனத்தின் வேலைத்தலமாகவும் மாறியது எப்படி என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

அதற்கான விடை கால் நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. பல்கலைக்கழகங்கள் தமது தொடர்செலவில் 15 விழுக்காட்டை ஐந்து ஆண்டுகளிலும், 25 விழுக்காட்டைப் பத்து ஆண்டுகளிலும் தாமே ஈட்ட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த புன்னையா குழு 1990களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தது. 2000இல் வந்த பிர்லா-அம்பானி அறிக்கை அதே திசையில் மேலும் சென்றது. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்கள் தமது செலவில் பாதியைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும் என்பது 2015 டேராடூன் கூட்டத்தின் முடிவு. மானியத்தின் இடத்தில் கடனை நிறுத்தும் உயர்கல்வி நிதி முகமை 2017இல் வந்தது. காங்கிரஸ் போய் பாஜக வந்தது, பாதை மாறவில்லை.

வெளியார் கொண்டுவரும் கான்கிரீட் கட்டியையும் எஃகுக் கம்பியையும் பொறியியல் துறைகள் சோதித்துத் தருவது புதிதல்ல, தவறும் அல்ல. கருவி ஓய்ந்திருக்கும் நேரத்தில் ஆலைகளிடம் கட்டணம் பெறுவதை எவரும் எதிர்க்கவில்லை. அந்தக் கட்டணமே துறையின் உயிர்மூச்சாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சொந்தமாகக் கருவி வாங்க வழியற்ற ஆய்வாளர்களுக்காக 1970களில் ஒன்றிய அரசு பொதுக் கருவி மையங்களைத் தொடங்கியது. வருவாய் இலக்கு வந்துவிட்டால், பணம் தரும் மாதிரி முன்வரிசைக்குச் செல்லும். முனைவர் பட்ட மாணவரின் குப்பி காத்திருக்கும்.

வேதியியல் துறைகளில் நிலைமை இன்னும் கடுமையானது. மருந்து நிறுவனத்திற்கான இடைநிலைச் சேர்மங்களை ஒப்பந்தத்தின் பேரில் தயாரிப்பது, பெயர் எதுவாயினும், உற்பத்தியே. செய்பவரோ சட்டத்தின் கண்ணில் தொழிலாளி அல்லர். மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் தேர்ச்சியின்றி முனைவர் பட்டத்திற்குப் பயில்பவரெனில் 2012இல் நிர்ணயித்த மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை. அதையும் நிறுத்த 2015இல் முயன்றபோது மாணவர்கள் டெல்லியில் மானியக் குழு அலுவலகத்தின் முன் இரவு பகலாக அமர்ந்தனர். மாநிலப் பல்கலைக்கழகங்களில் பலருக்கு அதுவும் இல்லை. இவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது, தொழிற்சாலை ஆய்வாளர் எட்டிப் பார்ப்பதில்லை. தொழிற்சாலை எனக் கருதுவதற்கான ஆள் எண்ணிக்கையை, மின்விசை பயன்படுத்தும் இடங்களில், 10இலிருந்து 20 ஆக உயர்த்திய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்திடம் எதை எதிர்பார்ப்பது?

சொந்தக் காலில் நில் என்று உபதேசித்த அரசு, அப்படிச் சம்பாதித்த சோதனைக் கட்டணத்தில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி கேட்கிறது. ஆராய்ச்சி மானியங்களுக்கும் அதே வரியைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. எதிர்ப்பு எழுந்த பிறகே 2024 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் விலக்களித்தது.

சோதனை முடிவு யாருக்குச் சொந்தம்? ஆலை தன் கழிவுநீரைப் பணம் கட்டிச் சோதித்தால், அறிக்கை ஆலையின் பீரோவுக்குப் போகிறது. ஆற்றங்கரைக் கிராமத்திற்கு வருவதில்லை. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வுப் பள்ளி 1988 முதல் இருபது ஆண்டுகளில் மேற்கு வங்கத்தின் 19 மாவட்டங்களிலிருந்து 1,40,150 நீர் மாதிரிகளைச் சோதித்தது. ஏறக்குறைய பாதியில் ஆர்சனிக் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை மீறியிருந்தது. பீகாரின் போஜ்பூர் மாவட்டத்துச் செம்ரியா ஓஜாபட்டி கிராமத்து நீரில் 2002இல் அந்நஞ்சைக் கண்டறிந்ததும் இதே ஆய்வகம்தான். ஆட்சியில் இருந்தோருக்கு இம்முடிவுகள் எப்போதும் உவப்பாக இருந்ததில்லை. ஆயினும் அவை வெளியாயின. குழாய்க் கிணற்று நீரைக் குடிப்பவர் எந்தக் கட்டணத்தையும் கட்டக்கூடியவர் அல்லர். அதே ஜாதவ்பூர், 2022இல் நிதி நெருக்கடியால் முன்னாள் மாணவர்களிடம் கையேந்த நேர்ந்தது.

வெளி நிறுவனங்களுடனான ஒப்பந்தங்கள் அனைத்தும் பல்கலைக்கழக அவைகளின் முன் வைக்கப்பட வேண்டும். குடிநீர், காற்று, உணவு, மருந்து குறித்த சோதனை முடிவுகளை மறைக்கும் நிபந்தனை எந்த ஒப்பந்தத்திலும் இருக்கக் கூடாது. அந்த வேலையைச் செய்யும் ஆராய்ச்சி மாணவருக்கும் ஒப்பந்த ஆய்வக உதவியாளருக்கும் ஊதியம், காப்பீடு, பாதுகாப்பு உறுதிசெய்யப்பட வேண்டும். மாணவர் அமைப்புகளும் ஊழியர் சங்கங்களும் இக்கோரிக்கைகளை ஒரே மேடையில் எழுப்பும் வளாகங்கள் இன்னும் மிகச் சிலவே.